காணாமல் போனவர்களின் சீனியாரிட்டி

வான்மணி என்கிற செயற்கைக்கோள் வானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று மாலை, பட்டாபிராமில் நாகவல்லி இட்லி மாவுக்கு உப்புப் போட்டுக் கலந்துகொண்டிருந்தாள். டிவியில் மருமகள் மாமியாரை அறையக் கையை ஓங்கியிருந்தாள். எத்தனையோ மாதமாகத் தெருவே காத்திருந்த அறை அது. ஓங்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு திரை நீலமாகி, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எழுத்து வந்தது.

நாகவல்லிக்கு முழங்கை வரை மாவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் வேம்புலியைப் பார்த்து, “இன்னாயா குந்திகினு கீற? போய் இன்னா ஏதுன்னு கேட்டுகினு வா” என்றாள்.

பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வா என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வேம்புலியும் எழுந்தார். டிவிக்கு அடியில் இருந்த பெட்டியைத் திருப்பி அதன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கிறார் என நாகவல்லி நினைத்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த ரிமோட்டோடு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை.

வேம்புலி சரக்கு ரயில் நிற்கும் சைடிங்கில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். போன வருஷத்திலிருந்து ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் “சோறு ஆக்கிட்டியா?” என்பார். ஆனால் ஒரு வேலை சொன்னால் போதும், அதை முடிக்காமல் விடமாட்டார். அதோடு சர்க்கரை வேறு. காலையில் ஊசி, வேளைக்குச் சாப்பாடு. ஒன்று தப்பினாலும் மயங்கி விழக்கூடும். நாகவல்லியின் வயிற்றில் நெருப்பைக் கட்டியது அதுதான். மனுஷன் எங்கேயாவது விழுந்து கிடந்தால், குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஊர் தாண்டிப் போகுமே.

தெருவே தேடியது. இந்து காலேஜ் ஸ்டேஷனிலிருந்து நெமிலிச்சேரி வரை பிளாட்பாரம் பிளாட்பாரமாகப் பார்த்தார்கள். மகள் தேவிப்பிரியா ஐயப்பன்தாங்கலிலிருந்து முதல் பஸ் பிடித்து அழுதுகொண்டே வந்தாள். அப்பா திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்று அவளை வாசலில் உட்காரவைத்துவிட்டு, நாகவல்லி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அங்கே ரைட்டர் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, நல்ல மனுஷனாக ஒரு யோசனையும் சொன்னார். “டிவியில போட்டாத்தாம்மா சீக்கிரம் கெடைப்பாரு. கழகத்துல தெனம் காணவில்லைன்னு காட்றாங்க இல்ல? அம்பத்தூர் போய்க் குடு.”

“டிவியே தெரியலியே சார்.”

“அத்த அவங்க பாத்துப்பாங்க.”

கழகம் என்றால் வானொளிக் கழகம். சந்தா குறைவு என்பதால் ஆவடியைச் சுற்றி வீட்டுக்கு வீடு அதன் பெட்டிதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இதற்குத் தானமும் இல்லை, பல்லும் இல்லை, ஆனாலும் யாரும் பார்க்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அதற்கு அடுக்குமாடிக் கட்டிடம், மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்தபடி ஒரு ராட்சதத் தட்டு, வாசலில் நீரூற்று. நீரூற்றும் தடங்கலில்தான் இருந்தது.

நாகவல்லி உள்ளே போனபோது கூடம் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்து அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் ஒளிபரப்பைக் கண்காணிக்க வேண்டும் என்பது உத்தரவாம். அவர்களும் கண்காணித்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டு கண்காணித்தார்.

அவளை வருத்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கழகத்திலேயே ஒழுங்காக வேலை நடக்கும் பிரிவு அது ஒன்றுதான் என்று வாசற்காவலரே சொன்னார். பிரிவின் உதவி இயக்குநர் சுரேகா, கஞ்சி போட்ட பருத்திச் சேலையில், முகத்தில் நிரந்தரமாக ஓர் அனுதாபத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க ஊட்டுக்காரர காணம்மா” என்றாள் நாகவல்லி.

“வருந்துகிறோம்” என்றார் சுரேகா. நாகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்கிற வணக்கம் என்று.

“நாங்கள் வருந்துவதை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள்” என்றார் சுரேகா. “வெறும் ‘வருந்துகிறோம்’ என் அதிகாரத்துக்கு உட்பட்டது. ‘மிக வருந்துகிறோம்’ என்றால் இயக்குநர் ஒப்புதல் வேண்டும். ‘மனமார’ என்று சேர்ப்பதாக இருந்தால் நிதித் துறைக்குக் கோப்பு போக வேண்டும். நேற்று மாலையிலிருந்து மூன்றில் எது என்று விவாதம் நடக்கிறது. ஒரு நிமிஷம் கூட நாங்கள் ஓயவில்லை.”

“டிவி எப்போ வரும்?”

“அது எங்கள் பிரிவு இல்லை.”

நாகவல்லி முந்தானையிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். தேவிப்பிரியா கல்யாணத்தில் எடுத்தது. வேம்புலி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சுரேகா அதை வெளிச்சத்தில் பிடித்து, கவலையோடு உதட்டைப் பிதுக்கினார்.

“சிரிக்கிறாரே.”

“பொண்ணு கல்யாணம்மா. சிரிக்காம இன்னா பண்ணுவாரு?”

“காணாமல் போனவர் சிரிக்கக் கூடாது. பார்க்கிற நேயர்களுக்கு இரக்கம் வராது. சிரிக்காத படம் ஒன்று கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அவரையே இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் ஸ்டுடியோவில் இலவசமாக எடுத்துத் தருகிறோம்.”

நாகவல்லி அந்த அம்மாள் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. “அவர கூட்டிகினு வர முடிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க வரேன்?” என்றாள் மெதுவாக. சுரேகா அதில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, விதிவிலக்காகச் சிரிப்பை அனுமதித்தார். அங்க அடையாளம் கேட்டார். “வலது கையில ரிமோட்டு” என்றாள் நாகவல்லி. அதையும் எழுதிக்கொண்டார்.

அப்போது ஒரு பியூன் தட்டு நிறைய போண்டாவும் ஜாங்கிரியும் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினான். “யாருக்கு?” என்று சுரேகா கேட்க, “நேயர் பிரதிநிதிக்கு மேடம். சாப்பிட்டுட்டு, இன்னும் சாப்பிடலன்றாரு” என்று சொல்லிவிட்டுப் போனான். விசாரணைக் குழு மேலே கூடியிருப்பதாகவும், அது கூடினால் கண்டிப்பாகச் சிற்றுண்டி உண்டு என்றும் சுரேகா விளக்கினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத நாகவல்லி அந்தத் தட்டைப் பார்த்தாள். சர்க்கரைக்காரப் புருஷன் ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டிருப்பாரா என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சரிம்மா. இப்ப போட்டுருவீங்களா?”

“முறைப்படி இரண்டாவதாகப் போடுவோம்.”

“மொதல்ல யாரு?”

“வான்மணி.”

அதை அந்த அம்மாள் சொன்ன அழகைக் கேட்டிருக்க வேண்டும். செயற்கைக்கோள் பழுதாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது அவதூறு. கழகத்தின் உடைமை பழுதாகாது. வான்மணி முன் அனுமதியில்லாமல் பணியிடத்தைவிட்டுத் திரும்பிக்கொண்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. விதிப்படி அது காணாமல் போன ஊழியருக்குச் சமம். ஆகவே அதற்கும் ஒரு ‘காணவில்லை’ அறிவிப்பு தயாராகிவிட்டது. நிறம் பொன் நிறம், இரு பக்கமும் இறக்கை, கடைசியாகப் பூமத்திய ரேகைக்கு மேலே காணப்பட்டது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சில நிமிஷம் முன்னாலேயே அது காணாமல் போய்விட்டதால் சீனியாரிட்டி அதற்குத்தான்.

நாகவல்லி படிக்காதவள்தான், ஆனால் மாவு விற்றுக் குடும்பம் நடத்தியவள். கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. “ஏம்மா, அது கெடைச்சாத்தான டிவி வரும்? டிவி வந்தாத்தான அத்த காணோம்னு போடுவீங்க?”

“ஆமாம்.”

“அது கெடைச்சப்புறம் அத்த காணோம்னு போடுவீங்களா?”

“வரிசையை மாற்ற முடியாதம்மா. யார் வேண்டுமானாலும் தொலைந்து போகலாம், வரிசை தொலையக் கூடாது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழைய கதை. இங்கே சாமியே தொலைந்துபோய், பூசாரிகள் எல்லோரும் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பப் போனவளை நிறுத்தி, ஒரு சின்ன உதவி கேட்டார்கள். வான்மணிக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும். பொதுமக்கள் தரப்பில் ஒரு சாட்சி தேவை. உதவினால் தன் வேலை கொஞ்சம் சீக்கிரம் நடக்கும் என்ற நப்பாசையில் நாகவல்லியும் மொட்டை மாடிக்கு ஏறினாள். ராட்சதத் தட்டின் முன்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்க, சுரேகா வானத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். “ஏன் உம்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு, இது கிடைத்த உடனே எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.” வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எழுத்து மூலம் ஒன்றும் விழவில்லை. ஒரு காக்கை மட்டும் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த பதிலை இட்டுவிட்டுப் போனது.

“பெற்றுக்கொள்ள மறுப்பு” என்று சுரேகா குறித்துக்கொண்டார். வாங்க மறுப்பவர் வீட்டுக் கதவில் ஒட்டுவது வழக்கம். வான்மணிக்குக் கதவு இல்லை. ஆகவே பசை தடவித் தட்டிலேயே ஒட்டினார்கள். பசை போதவில்லை என்று, நாகவல்லியின் விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவை ஒரு குமாஸ்தா ஆசையோடு பார்த்தான்.

இறங்கும்போது சுரேகா சொன்னார், “நாளைக் காலை வாருங்கள். இங்கேயே விழா இருக்கிறது. இயக்குநர் நேரில் மனு வாங்குவார்.”

“இன்னா விழாம்மா?”

“தடங்கல் வருத்தப் பெருவிழா.”

மறுநாள் விடிந்தும் வேம்புலி வரவில்லை. தேவிப்பிரியா அழுது ஓய்ந்து, அப்பாவின் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நான்தான்டி போன்னேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு நாகவல்லி ரயிலேறினாள். ஜன்னல் வழியே தெரிந்த ஒவ்வொரு கிழவரையும் பார்த்துக்கொண்டே போனாள்.

கழக வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. சீரியல் லைட், நாதஸ்வரம், வருகிறவர்களுக்குச் சந்தனம். ‘வருந்த வாரீர்’ என்று பேனர். அதில் இயக்குநர் ஹேமநாதன் கைகூப்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். காணாமல் போகாதவர் ஆதலால் அவர் சிரிக்கலாம். அரங்கத்தில் கடைசி வரிசையில்தான் நாகவல்லிக்கு இடம் கிடைத்தது. முன் வரிசைகளில் இருந்த ஊழியர்களின் தலைகள் மேடையைப் பாதி மறைத்தன.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். காற்றில் அணைந்தது. தடங்கலுக்கு வருந்தினார்கள். மறுபடி ஏற்றினார்கள். பிறகு ஹேமநாதன் மைக்கைப் பிடித்தார்.

“அன்புக்குரிய நேயப் பெருமக்களே. இந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து நாம் எத்தனையோ நிகழ்ச்சிகளை ஒளிபரப்பினோம். ஒருவராவது நம்மை நினைத்தாரா? இல்லை. இன்று ஒளிபரப்பு நின்றது. ஆவடி நினைக்கிறது, பூந்தமல்லி நினைக்கிறது, வேலப்பன்சாவடி நினைக்கிறது. இது தோல்வியா? நம் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’தான் என்பதை ஆதாரத்தோடு சொல்கிறேன். அதில் ஆபாசம் உண்டா? வன்முறை உண்டா? தமிழ்ப் பிழை உண்டா?”

கைதட்டல்.

“வேலை செய்யும்போது குறை சொன்னார்கள். வேலை செய்யாதபோது ஒரு குறையும் வரவில்லை. ஏனென்றால் புகார் தொலைபேசி எண்ணும் அந்த வான்மணி வழியாகத்தான் வேலை செய்கிறது.”

இன்னும் பலத்த கைதட்டல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தைக் கோணலாக்கியதற்கே பரிசு கேட்டார்கள்.

“நம் பெட்டி ஒவ்வொன்றின் பின்புறமும் ‘குறை இருப்பின் நேரில் அணுகவும், வானொளிக் கழகம், அம்பத்தூர்’ என்று அச்சிட்டிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் அதைப் படித்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. விசாரணைக் குழுவுக்கு ஒரு நேயர் பிரதிநிதி வேண்டும் என்று விதி. நேயருக்கு எங்கே போவோம் என்று திகைத்திருந்தபோது, தடங்கல் ஏற்பட்ட அன்று இரவே, தெய்வம்போல் ஒருவர் நடந்து வந்தார். இரண்டு நாளாக நம் விருந்தினர் அறையில் தங்கி, ஒரு புகாரும் சொல்லாமல், கையில் ரிமோட்டோடு காத்திருக்கிறார். எல்லா நேயரும் இவர்போல் இருந்துவிட்டால் நமக்கு என்ன கவலை? அவருக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தி மகிழ்கிறேன்.”

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நாகவல்லி நாற்காலி மேல் ஏறிப் பார்த்தாள். மேடையின் நடுவில், கழுத்தில் மாலையோடு, வாயோரம் ஜாங்கிரிப் பாகு வழிய, வேம்புலி உட்கார்ந்திருந்தார்.

அவள் எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அவரைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு ஓய்ந்து உதடு வறண்டிருந்தது. உயிரோடு இருந்தார். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டது.

“யோவ்” என்றாள்.

வேம்புலி நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. “நாகு, உன் படம் வந்துச்சா? கேட்டுகினு வரச் சொன்ன இல்ல. கேட்டுட்டேன். சொல்றோம், குந்துன்னாங்க. குந்திகினு கீறேன்.”

ஹேமநாதன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “அம்மா, யார் நீங்கள்? நேயர் பிரதிநிதியைத் தொடக் கூடாது” என்றார்.

“இவரு எம் புருசன். இவரத்தான் காணோம்னு நேத்து உங்க ஆபீசுல போட்டோ குடுத்தேன். அந்தம்மா வாங்கிச்சு. சக்கரைக்கார மனுசனுக்கு ஜாங்கிரியா குடுத்துகினு கீறீங்க? பேராவது கேட்டீங்களா?”

“நேயர் என்று பதிவு செய்திருக்கிறோம்” என்றார் ஹேமநாதன். “நேயருக்குப் பெயர் எதற்கு?”

சுரேகா ஓடிவந்து போட்டோவையும் வேம்புலியையும் மாறி மாறிப் பார்த்தார். “படத்தில் பொன்னாடை இல்லையே” என்றார். அப்புறம் ரிமோட்டைப் பார்த்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சந்தேகம் வேறு, விதி வேறு. “அம்மா, உங்கள் கணவர் எங்கள் பதிவில் காணாமல் போனவர். அறிவிப்பு ஒளிபரப்பாகாமல் அவர் கிடைக்க முடியாது. வேண்டுமானால் நீங்கள் இவரை நேயர் பிரதிநிதி என்ற முறையில் அழைத்துப் போகலாம், குழு கலைந்த பிறகு.”

“கொயு எப்ப கலையும்?”

“வான்மணி விளக்கம் கொடுத்ததும்.”

நாகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவள் பேசியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

“த பாரும்மா. என் ஆள தேடிகினு நான் தண்டவாளம் தண்டவாளமா அலைஞ்சேன். நீங்க மாடியில அவர வெச்சிகினு, கீய அவரு சிரிக்கிறாரு, பல்லு தெரியுதுன்னு எங்கிட்ட கணக்கு பேசினீங்க. இங்க இத்தினி பேரு கீறீங்க. ஒருத்தராவது, பெரியவரே, உன் ஊடு எங்க கீதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆகாசத்துல இருக்கறதுக்கு லெட்டர் எயுத தெரியிது. எதுர்ல குந்திகினு கீற மனுசன் தெரியல. தூ.”

பழக்க தோஷத்தில் யாரோ ஒருவர் கைதட்டிவிட்டார்.

அவள் அவரைக் கைப்பிடித்து இறக்கினாள். யாரும் தடுக்கவில்லை. வாசலில் மட்டும் ஒரு குமாஸ்தா மூச்சிரைக்க ஓடிவந்து நிறுத்தினான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நாகவல்லி ஒரு கணம் நினைத்துவிட்டாள். பொன்னாடையைத் திருப்பி வாங்க வந்திருந்தான். அடுத்த விழாவுக்கு வேண்டுமாம்.

சில நாள் கழித்து டிவி வந்தது. எங்கோ தூரத்தில், வேலை தெரிந்தவர்கள் சிலர் உட்கார்ந்து வான்மணியை நேராகத் திருப்பிவிட்டார்கள். தங்கள் மெமோவுக்குப் பணிந்து அது பணிக்குத் திரும்பியதாகக் கழகம் செய்தி வெளியிட்டது. சுரேகாவுக்குப் பதவி உயர்வு.

அன்று மாலை வேம்புலி கேழ்வரகு அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருக்கதவுக்கு இப்போது உள்பக்கம் ஒரு பூட்டு. ரிமோட் நாகவல்லியின் மடியில் இருந்தது. மருமகளின் கை இன்னும் இறங்கவில்லை, அதற்குள் இடைவேளை விட்டார்கள். ‘காணவில்லை’ என்று திரையில் வந்தது. முதலில் பொன் நிறத்தில், இரு பக்கமும் இறக்கையோடு வான்மணி. வான்மணி வழியாகவே வந்து, தன்னைக் காணவில்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனது.

அடுத்தது வேம்புலி. பல் தெரியச் சிரித்தார். வலது கையில் ரிமோட் என்று குரல் சொன்னது. கண்டுபிடிப்பவர்கள் உடனடியாக வானொளிக் கழகத்தில் ஒப்படைக்கவும் என்றது.

வேம்புலி அடையைத் தட்டில் வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்தார்.

“பாவம் நாகு. எப்டி சிரிச்சிகினு கீறான் பாரு” என்றார். “அவன் பொண்டாட்டி எங்கெங்க தேடிகினு கீறாளோ.”

எழுந்திருக்கப் போனவரின் தோளை நாகவல்லி பிடித்து அழுத்தினாள்.

“அவ தேடிட்டாய்யா” என்றாள். “நீ சாப்புடு.”